காத்தலும் வழங்கலும்

நாட்டின் நூலகம் ஆற்றவேண்டிய பணிகள் இரண்டு. ஒன்று நூலைக் காத்தல். மற்றொன்று அதனை வேண்டுவோர்க்கு வழங்கல். முன்னதனை நம் நாடு ஒருவாறு செய்துள்ளது. பின்னதனை எவ்வளவு செய்துள்ளது என்பதை, பிறந்த மண்ணை நீங்கி இம்மும்பை மாநகரில் வாழும் நாம் ஆராய்தல் தகும்.

நூல் வெளியிடுவோர் ஒவ்வொருவரும் தம் செலவிலேயே ஒரு படியைக் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும், சென்னை, மும்பை, தில்லி நகரங்களிலுள்ள பொது நூலகங்களுக்கும் அனுப்புதல் வேண்டும் என 1954-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கோப்புகளோடு பழகிய எமக்கு இவ்விதியின் அருமை நன்கு விளங்கும். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரான பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் நூற்றொகுதியும் அக்கொல்கத்தா நூலகத்தைச் சேர்ந்ததே. ஆயின், அதிலுள்ள ஓர் ஏட்டைக் காண, விக்ரோலியிலுள்ள எழுத்தர் ஒருவர் விடுப்பெடுத்து, ஒரு நாளுக்கும் மேலாக இரயிலிற் பயணம் செய்தல் எளிதோ?

இக்குறையைப் போக்க வந்ததே மின்னூலகம். தமிழைப் பொறுத்தவரை இத்துறையில் முன்னே நடந்தவர்களுள் தன்னார்வலர் சிறப்பாகக் குறிக்கத்தக்கவர். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின்வழி, பல நாடுகளிற் சிதறி வாழும் தமிழர் ஊதியம் கருதாது இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினர். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓரிடத்தில் மட்டும் காக்கப்படும் செல்வம் எத்துணை நிலையற்றது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? 2005-இல் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து ஏடுகளை மின்வடிவில் உலகறியத் தருகின்றது. தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகமும் அரிய நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றி வழங்குகின்றது.

இவற்றிலும் குறைகள் உள. பல நூல்கள் பக்கங்களின் நிழற்படங்களாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒரு சொல்லைத் தேடிக் காணல் அரிது. தட்டச்சு செய்த நூலிற் சொல்லைத் தேடலாம். பழம்பதிப்பின் பக்க அமைப்பைக் காணவியலாது. ஆய்வாளர்க்கு இரண்டும் ஒருங்கே வேண்டும். மேலும், ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கின்றது. அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் நீங்கலாக, நம் தலைமுறை விரும்பிப் படித்தவற்றுட் பல இவ்வரம்பினாலேயே எட்டாதிருக்கின்றன.

எனினும், இவை யாவினும் பெரிய குறை ஒன்று நம் இல்லத்திலேயே உண்டு. அண்மையில் ஒரு ஞாயிறன்று, எம் பாட்டனாரின் ஊரைப் பற்றிய பழைய நூலொன்றை மின்னூலகத்திற் கண்டு, எம் மகளை அழைத்துக் காட்டினோம். வீட்டிலே தமிழ் பேசுபவள். மராத்தியும் ஆங்கிலமும் விரைந்து படிப்பவள். அவள் சற்று நேரம் திரையை நோக்கிவிட்டு, "நீங்களே படிச்சுச் சொல்லுங்கப்பா" என்றாள். எமக்குக் கொல்கத்தா எவ்வளவு தொலைவோ, கண்முன் நின்ற அப்பக்கம் அவளுக்கு அவ்வளவு தொலைவாயிருந்தது.

ஆதலின், தேசிய நூலகங்கள் தம் பேழைகளைத் திறந்து தருக எனக் கேட்கும் நாம், அவற்றைப் படிக்கவல்ல கண்களையும் ஆக்குதல் வேண்டும். ஞாயிறுதோறும் சிறுவர்க்குத் தமிழெழுத்துக் கற்பிக்கச் சங்கம் ஓர் அறையைத் திறக்குமாயின், எம் மகளின் பெயரை முதற்பெயராக எழுதிக்கொள்ள வேண்டுகின்றோம்.