கூடை பக்கம், வாசல் தூரம்

2025 ஏப்ரல் 26. டென்வர் நகெட்ஸுக்கு எதிரான என்பிஏ கூடைப்பந்து பிளேஆஃப் தொடரின் நான்காவது ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் சுமார் 20 புள்ளிகள் பின்தங்கிக் கிடந்தது. அங்கிருந்து துரத்திப் பிடித்து 99-99 என்று சமன் செய்தது. கடைசி நொடியில் நிகோலா யோகிச் எறிந்த பந்து கூடைக்குப் போகாமல் கீழே இறங்க, ஆரன் கோர்டன் அதை அந்தரத்திலேயே பிடித்து, கடிகாரம் ஓயும் கணத்தில் கூடைக்குள் இறக்கினார். 101-99. டென்வருக்கு வெற்றி.

ஆட்டம் கைநழுவியது. ஆனால் தனக்கே சொந்தமான அரங்கில் இப்படி ஒரு துரத்தல் நடக்க, கிளிப்பர்ஸ் 40 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அது நடந்த இன்ட்யூட் டோம் அரங்கைப் பற்றி ரசிகர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். உள்ளே உட்கார்ந்தவர்கள் புகழ்கிறார்கள். உள்ளே வந்து சேர்வதற்குள் களைத்துப்போனவர்கள் குறை சொல்கிறார்கள். பல நேரம் இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான். இரண்டுமே சரி என்பதுதான் இந்த அலசலின் முடிவும்.

குடியிருந்தவருக்கு வீடு

1970-இல் பஃபலோ நகரில் தொடங்கிய அணி கிளிப்பர்ஸ். 1978-இல் சான் டியாகோவுக்கும், 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடம் மாறியது. 1999-இல் ஸ்டேப்பிள்ஸ் சென்டர் திறந்தபோது (இன்று அதன் பெயர் கிரிப்டோ டாட் காம் அரங்கம்) லேக்கர்ஸ் அணியோடும், ஐஸ் ஹாக்கி ஆடும் கிங்ஸ் அணியோடும் கிளிப்பர்ஸும் அங்கே குடியேறியது. நாள் ஒதுக்குவதில் கடைசி இடம் அதற்குத்தான். கூரையில் தொங்கியவை லேக்கர்ஸின் கோப்பைக் கொடிகள். 2013 முதல் தன் ஆட்ட நாட்களில் அந்தக் கொடிகளைத் தன் வீரர்களின் பெரிய படங்களால் மறைத்து வைத்தது கிளிப்பர்ஸ். வாடகை வீட்டில் சுவருக்குத் திரை போட்டு வாழ்ந்த கதை.

2014-இல் ஸ்டீவ் பால்மர் இந்த அணியை 200 கோடி டாலருக்கு வாங்கினார். பத்தாண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், ஏறத்தாழ அதே அளவு சொந்தப் பணத்தைக் கொட்டி இங்கிள்வுட் நகரில் இந்த அரங்கைத் திறந்தார். 18,000 பேர் உட்காரலாம்.

பனித்தளம் இல்லாத லாபம்

அமெரிக்காவின் பெரிய உள்ளரங்குகள் பலவும் கூடைப்பந்துக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் சேர்த்துக் கட்டப்படுபவை. ஹாக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். கூடைப்பந்து ஆடுகளமோ 94 அடி நீளம், 50 அடி அகலம். பெரிய தளத்தைச் சுற்றி இருக்கைகளை அமைத்துவிட்டு, கூடைப்பந்து நாளில் நடுவே சிறிய களத்தை விரித்தால் இடைவெளியை இழுப்பு இருக்கைகளால்தான் நிரப்ப முடியும். அவற்றின் சரிவு குறைவு. முன்னால் இருப்பவரின் தலை மறைக்கும். பின்வரிசைகள் இன்னும் விலகிப்போகும்.

இன்ட்யூட் டோமில் பனித்தளம் கிடையாது. அந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வழிவிட்டது. ஒரு கூடைக்குப் பின்னால் 51 வரிசைகள், இடையில் ஒரு சொகுசு அறையும் குறுக்கிடாமல், செங்குத்தாக மேலே ஏறுகின்றன. சுமார் 4,500 இருக்கைகள். பெயர் 'தி வால்'. சுவர் என்றே சொல்லலாம். எதிரணியின் சட்டை போட்டவருக்கு அங்கே இடமில்லை. ஃப்ரீ த்ரோ போட நிற்கும் எதிரணி வீரரின் கண்ணுக்குக் கூடைக்குப் பின்னால் தெரிவது கையசைக்கும் மனிதச் சுவர்.

பழைய அரங்கில் நிலைமை வேறு. கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் இடையில் மூன்று அடுக்குகளாக 150-க்கும் மேற்பட்ட சொகுசு அறைகள். அந்த மூன்று அடுக்கின் உயரத்தையும் சுமந்தது மேல்தட்டு ரசிகரின் கண்தான். சொகுசு அறை வருமானம் தரும், ஆரவாரம் தராது. ஆரவாரம் வரும் இடத்தை ஆடுகளத்துக்குப் பக்கத்தில் வைப்பதா, வருமானம் வரும் இடத்தை வைப்பதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு அரங்கின் குறுக்குவெட்டு வரைபடத்திலும் விடை இருக்கிறது.

பால்மர் கழிப்பறை எண்ணிக்கையில் காட்டிய பிடிவாதத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 1,100-க்கும் மேற்பட்ட கழிப்பிட வசதிகள். மற்ற என்பிஏ அரங்குகளின் சராசரியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இடைவேளையில் வரிசையில் நிற்பவர் மூன்றாம் கால்பகுதியின் தொடக்கத்தை இழக்கிறார். அணி அவருடைய குரலை இழக்கிறது. ஏறத்தாழ ஒரு ஏக்கர் பரப்பில் சுற்றிவரும் மின்திரையைவிட, ரசிகனை மதித்த செயல் இதுதான் என்பேன்.

குறையும் உண்டு. நுழைவதும் வாங்குவதும் கைப்பேசிச் செயலியை நம்பியே நடக்கின்றன. முகத்தை அடையாளம் காணும் வாசல், பணம் வாங்க ஆள் இல்லாத கடை. பழகியவருக்கு இது வேகம். செயலியோடு மல்லுக்கட்டும் முதியவருக்கு, குழந்தைகளை இழுத்துக்கொண்டு வரும் பெற்றோருக்கு, வாசலே முதல் தடை. உதவ ஒரு மனிதர் நிற்பதைவிட நல்ல வடிவமைப்பு எதுவும் இல்லை.

சுவர் வென்றதா, அணி வென்றதா?

புதிய அரங்கின் முதல் சீசனை எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபர் 23-இல் ஃபீனிக்ஸிடம் கூடுதல் நேரத்தில் 116-113 என்று தோல்வி. சொந்த அரங்கில் முதல் நான்கு ஆட்டங்களையும் கிளிப்பர்ஸ் தோற்றது. பிறகு சான் அன்டோனியோவுக்கு எதிராக 26 புள்ளிகள் பின்தங்கி, மீண்டு, முதல் வெற்றியைப் பெற்றது. சீசன் முடிவில் சொந்த அரங்கில் 30 வெற்றி, 11 தோல்வி. பழைய அரங்கில் ஆடிய முந்தைய சீசனில் இது 25-16. நட்சத்திர வீரர் பால் ஜார்ஜ் அணியை விட்டுப் போயிருந்தார். இன்னொரு நட்சத்திரமான கவாய் லெனர்ட் முழங்கால் வலியால் முதல் 34 ஆட்டங்களில் ஆடவில்லை. அப்படியும் ஐந்து வெற்றி கூடுதல். வெளியூரில் கிடைத்தவையோ 20 வெற்றிகள் மட்டுமே.

இதைப் பார்த்துச் சுவருக்கு மாலை போடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அடுத்த சீசனில் முதல் 27 ஆட்டங்களில் இதே அணிக்கு 6 வெற்றிகள்தான். சுவர் அங்கேயேதான் இருந்தது. நல்ல அரங்கம் தடுப்பாட்டத்துக்குக் கூடுதல் மூச்சு தரும். முழங்கால் வலிக்கு மருந்து ஆகாது.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கதையும் இதையே சொல்கிறது. ஓக்லண்டின் ஆரக்கிள் அரங்கில் 2015-16 சீசனில் அவர்களுக்கு 39 வெற்றி, 2 தோல்வி. முந்தைய சீசனையும் சேர்த்து அங்கே தொடர்ச்சியாக 54 வெற்றி. 2019-இல் சான் பிரான்சிஸ்கோவின் சேஸ் சென்டருக்கு மாறினார்கள். 2022-23-இல் அங்கே 33-8; அடுத்த ஆண்டே 21-20. ஒரே கட்டடம், ஒரே ஸ்டெஃப் கரி. வெற்றிக் கணக்கை வைத்து அரங்குக்கு மதிப்பெண் போட முடியாது. யாரை உள்ளே வரவைத்தது, யாரை வெளியே நிறுத்தியது என்பதை வைத்தே போட வேண்டும்.

வாசலுக்கு எப்படி வருவது?

ஆரக்கிள் அரங்கம் 1966-இல் திறந்தது, பின்னர் புதுப்பிக்கப்பட்டது. இருக்கைகள் 19,596. அழகில் சிறந்தது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் பார்ட் ரயிலில் இறங்கி, மேம்பால நடைபாதையில் நடந்தால் வாசல். ஓக்லண்டின் தொழிலாளர் குடும்பங்களும் சுற்றியுள்ள ஊர்க்காரர்களும் அந்தப் பாலத்தில் சேர்ந்து நடந்தபோதே ஆரவாரம் தொடங்கிவிடும்.

சேஸ் சென்டரில் 18,064 இருக்கைகள். கட்டியது தனியார் பணம். ஆட்டச் சீட்டைக் காட்டி நகரின் முனி ரயிலில் போகலாம் என்ற நல்ல ஏற்பாடும் உண்டு. ஆனால் பழைய சீசன் டிக்கெட்காரர்கள் தங்கள் இடத்தைத் தக்கவைக்க உறுப்பினர் கட்டணமாகப் பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. 30 ஆண்டு கழித்து வட்டியில்லாமல் திரும்பக் கிடைக்குமாம். சம்பளத்தில் வாழும் ரசிகரால் 30 ஆண்டுக் கடன் யாருக்குத்தான் கொடுக்க முடியும்? வளைகுடாவின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள தூரம் சில மைல்கள்தான். கூட்டத்தின் முகம் மாறிவிட்டது என்று பழைய ரசிகர்கள் சொல்வது, அந்த மைல்களைக் குறித்து மட்டும் அல்ல.

இங்கிள்வுட்டுக்கு வருவோம். பழைய அரங்கின் பக்கத்திலேயே பிக்கோ ரயில் நிலையம் இருந்தது. இன்ட்யூட் டோமின் வாசலில் ரயில் இல்லை. கே லைன் நிலையத்தில் இறங்கி இணைப்புப் பேருந்து பிடிக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப 1.6 மைல் தானியங்கி ரயில் ஒன்றைத் திட்டமிட்டார்கள். செலவு 200 கோடி டாலரைத் தாண்டி ஏறி, திட்டம் கைவிடப்பட்டது. பக்கத்திலேயே 2020-இல் திறந்த சோஃபை மைதானம். கொஞ்ச தூரத்தில் ஃபோரம் அரங்கம். எல்லாமே காரை நம்பி. வேலைநாள் மாலை ஏழரை மணி ஆட்டத்துக்கு 405 நெடுஞ்சாலையில் ஊர்ந்து வருபவருக்கு, 51 வரிசையின் சரிவு எவ்வளவு துல்லியமாக இருந்தால்தான் என்ன?

பால்மர் தன் நிலத்துக்குள் தன்னால் சரிசெய்ய முடிந்ததையெல்லாம் சரிசெய்தார். நிலத்துக்கு வெளியே இருப்பது நகரத்தின் வேலை. அங்கேதான் திட்டம் நின்றுபோனது.

ரயில் இருந்தால் போதுமா?

புரூக்ளினின் பார்க்லேஸ் சென்டரைக் காட்டிப் போதும் என்று சொல்லத் தோன்றும். 2012-இல் திறந்த அந்த அரங்கின் அடியில் ஒன்பது சுரங்க ரயில் தடங்கள், புறநகர் ரயில் வேறு. செலவைக் குறைக்கக் கூடைப்பந்துக்கு ஏற்ற அளவில் கட்டியதால், 2015-இல் அங்கே வந்த ஹாக்கி அணிக்குப் புள்ளிப்பலகைகூடத் தளத்தின் நடுவில் அமையவில்லை. ஒரு பக்க இருக்கைகளிலிருந்து தளம் முழுசாகத் தெரியவில்லை. கூடைப்பந்து ரசிகருக்கோ நெருக்கமான அரங்கம், நடந்து இறங்கும் ரயில், இரண்டும் கிடைத்தன.

ஆனால் அந்த இடத்துக்காக வீடுகளை அரசு கட்டாயமாகக் கையகப்படுத்தியது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. சொன்ன மலிவு வாடகை வீடுகள் சொன்ன காலத்தில் முழுதாக வரவில்லை. ரசிகருக்குக் கிடைத்த வசதியின் விலையை அக்கம்பக்கத்தார் கொடுத்தார்கள்.

பிலடெல்பியாவில் அக்கம்பக்கத்தார் கொடுக்க மறுத்தார்கள். 2022-இல் செவன்டி சிக்ஸர்ஸ் அணி நகர மையத்தில், ரயில் நிலையத்துக்கு மேலேயே, சைனாடவுனை ஒட்டிப் புதிய அரங்கம் கட்டப்போவதாக அறிவித்தது. ரயிலில் வரும் ரசிகர்களில் பலர் வரவேற்றார்கள். காரில் வந்து பழகியவர்கள் தெற்குப் பிலடெல்பியாவின் பழைய இடமே போதும் என்றார்கள். கடைகளும் குடும்பங்களும் நசுங்கிப்போகும் என்று சைனாடவுன் எழுந்து நின்றது. 2024 டிசம்பரில் நகர மன்றம் 12-5 என்று ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே அணி திட்டத்தைக் கைவிட்டுத் தெற்குப் பிலடெல்பியாவிலேயே கட்டுவதாகச் சொன்னது. அங்கே சுரங்க ரயிலும் இருக்கிறது, கார் நிறுத்தவும் இடம் இருக்கிறது. முதலிலேயே ரசிகர்களையும் அந்தப் பகுதி மக்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால், இரண்டரை ஆண்டு அச்சம் சைனாடவுனுக்கு மிச்சமாகியிருக்கும்.

என்ன கேட்க வேண்டும்?

இன்ட்யூட் டோம் 2026 பிப்ரவரியில் ஆல்ஸ்டார் ஆட்டத்தை நடத்தியது. 2028 ஒலிம்பிக் கூடைப்பந்தும் அங்கேதான். கூடைப்பந்துக்காக இவ்வளவு யோசித்துக் கட்டிய வேறு அரங்கம் இன்று என்பிஏவில் இல்லை என்பது என் கருத்து. இனிக் கட்டுபவர்கள் பனித்தளத்தை விட்டது, சொகுசு அறைகளை வழிவிடச் செய்தது, கழிப்பறையை எண்ணியது ஆகிய மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அனுமதி கொடுக்கும் நகரங்கள் நான்காவதாக ஒன்றைக் கேட்க வேண்டும். அரங்கம் திறக்கும் நாளில் ரயிலோ, தனித்தடப் பேருந்தோ வாசலுக்கு ஓட வேண்டும். அதற்கான பணத்தில் அணியும் பங்கு போட வேண்டும். அதுவரை கதவு திறக்கக் கூடாது. சொந்தப் பணத்தில் கட்டுகிறேன் என்று ஓர் உரிமையாளர் சொல்வது பாராட்டத் தக்கது. அவர் கட்டடத்துக்கு வரும் 18,000 பேரும் பொதுச் சாலையில்தான் வருகிறார்கள். அந்தச் சாலையின் ஓரத்தில் குடியிருப்பவர்கள், டிக்கெட் வாங்காவிட்டாலும், அந்த அரங்கின் பங்காளிகள்தான். அவர்களுக்கும் சேர்த்து வரையப்படும் வரைபடம்தான் முழுமையான வரைபடம்.