தெரு உண்டு, வீடில்லை

ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்திலுள்ள பழைய கட்டடம் நவீன கட்டடக்கலை பற்றிய நூல்களில் இடம்பெறுவது. அவுஸ்திரேலியரான ஜோன் அன்ட்ரூஸ் வடிவமைக்க, 1966இல் திறக்கப்பட்டது. ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி வெறும் கொங்கிறீற்றில் வளைந்து செல்லும் அக்கட்டடத்தின் மையக் கருத்து ஒரு தெரு. பனிக்குள் இறங்காமலே வகுப்பிலிருந்து வகுப்புக்குக் கூரையின் கீழ் நடக்கலாம். மனிதர் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதும் கல்விதான் என்பது அதன் பின்னாலுள்ள நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். ஆனால் அந்தத் தெருவில் வீடுகள் இல்லை. காலையில் வீட்டிலிருந்து வந்து மாலையில் வீடு திரும்பும் மாணவரையே அது மனதிற் கொண்டிருந்தது. விரிவுரைகளைத் தொலைக்காட்சி மூலம் நடத்தும் திட்டமும் அன்று கூடவே இருந்தது. அது விரைவிலேயே கைவிடப்பட்டது. மாணவருக்கு எங்கோ ஒரு வீடு ஏற்கெனவே இருக்கிறது என்ற அனுமானம் மட்டும் இலகுவிற் கைவிடப்படவில்லை.

பின்னர் விடுதிகள் கட்டப்பட்டன என்பது உண்மை. 2023இல் 746 கட்டில்களுடன் ஒரு பெரிய விடுதி திறக்கப்பட்டது. வளாகத்திற் படிப்போரோ ஏறத்தாழ 14,000 பேர். வோபர்னின் வட பகுதியிலோ சென்ரெனியல் கல்லூரியின் வளாகம். ஒன்ராறியோவின் முதலாவது பொதுக் கல்லூரியான அதுவும் 1966இல் தோன்றியதே. இவ்விரண்டு நிறுவனங்களினதும் வளர்ச்சியைத் தாங்கி நிற்பவை, எல்ஸ்மியர், மார்க்கம் வீதிகளை அண்டிய சிறு வீடுகளும் அவற்றின் பேஸ்மன்றுகளும்தான்.

இந்த வீடுகளைப் பற்றிய சண்டை நெடுநாளையது. 1998இல் நகரங்கள் ஒன்றிணைக்கப்பட்ட பின்னரும் அறை அறையாக வாடகைக்கு விடும் வீடு பழைய ரொறொன்ரோவில் அனுமதிபெறக்கூடியது, ஸ்காபரோவில் தடைசெய்யப்பட்டது. தடை அறைகளை இல்லாமற் செய்யவில்லை, மறைத்துவைத்தது. 2018இல் ஸ்காபரோவில் அப்படியான ஒரு வீட்டில் ஏற்பட்ட தீயில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இறந்தார். 2021இல் ஒத்திவைத்த முடிவை நகரசபை 2022 டிசம்பரிலேயே எடுத்தது. 2024 மார்ச் 31 முதல், அனுமதிப்பத்திரம் பெற்று, சாதாரணக் குடியிருப்புப் பகுதிகளில் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடலாம்.

எதிர்த்தவர்களின் வாதங்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட முடியாது. நிரம்பி வழியும் குப்பைத் தொட்டி, பனி தள்ளாத நடைபாதை, வேறு நகரத்திலிருந்து வாடகை மட்டும் வாங்கும் சொந்தக்காரர் என்பன கற்பனைகள் அல்ல. ஆனால் இவற்றோடு கூடவே ஒரு சொல் வரும்: ‘குடியிருப்பின் இயல்பு’. நான் விமர்சிக்க விரும்புவது இச்சொல்லையே. குப்பை ஒரு நிர்வாகப் பிரச்சினை. அதற்குத் தீர்வு உண்டு. ‘இயல்பு’ என்பதோ யார் இங்கு இருக்கத் தகுந்தவர் என்ற கேள்வியின் நாகரிகமான வடிவம். ஒரு குடும்பம், ஒரு வீடு, ஒரு புற்றரை என்பதற்குள் அடங்காதவர் எல்லோரும் அதன்படி அத்துமீறியவர்கள்.

இதை எம்மவர் மறந்திருக்கக் கூடாது. 1994இல் ஒன்ராறியோவின் புதிய ஜனநாயகக் கட்சி அரசு பேஸ்மன்ற் குடியிருப்புகளைச் சட்டபூர்வமாக்கியபோதும், 1996இல் அடுத்து வந்த அரசு அதனை விலக்கிக்கொண்டபோதும், அந்தப் பேஸ்மன்றுகளில் இருந்தவர்களில் நாமும் அடங்குவோம். அன்று ‘இயல்பு’ கெட்டது எம்மால். இன்று எங்கள் தெருவில் நகரசபைக்கான மனு ஒன்றுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தவர் தமிழர். “அண்ணை, பெடியள் வந்து தெருவே பழுதாப்போச்சு” என்றார். அவருடைய பேஸ்மன்றிலும் நான்கு மாணவர்கள். அவரைக் கேலிசெய்வது இலகு. வட்டி ஏறிய வீட்டுக் கடனை அந்த நால்வரின் வாடகைதான் கட்டுகிறது. அதே நால்வர் வீட்டின் விலையைக் குறைத்துவிடுவரோ என்றும் அவர் அஞ்சுகிறார். அவருடைய இரட்டை நிலை, சொத்தாகிவிட்ட வீட்டின் இரட்டை நிலைதான்.

பழைய ஊரைக் காட்டி இதற்கு விடை சொல்லவும் முடியாது. 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிய பின், திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் மாணவர்கள் வீடுகளில் ‘போடிங்’ இருந்தார்கள். வீட்டுக்காரர் கூடவே இருந்தார், சோறு போட்டார் என்று நாம் நெகிழ்ந்து பேசுவதுண்டு. அறை கொடுக்கமுன் “தம்பிக்கு எந்த ஊர், எந்தப் பக்கம்?” என்று கேட்கப்பட்டதையும் சேர்த்தே பேச வேண்டும். அங்கும் ஒரு ‘இயல்பு’ காக்கப்பட்டது. அதற்கு நாம் வேறு பெயர் வைத்திருந்தோம். விரிவுரையாளராயிருந்த காலத்தில் என் மாணவர்கள் எங்கே தங்கினார்கள், யாருக்கு அறை மறுக்கப்பட்டது என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

இப்போது விசாரிக்காமலே தெரிகிறது. தொழிற்சாலை லைனில் எனக்கு எதிரே நின்று பெட்டி மடிப்பவர்கள் பஞ்சாபிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மாணவர்கள். வாரம் 20 மணி என்ற வேலை வரம்பு 2022 நவம்பரிலிருந்து 2024 ஏப்ரல் வரை தளர்த்தப்பட்டிருந்த காலத்தில் இரவு ஷிஃப்ற் அவர்களால் நிறைந்தது. ஒரே கட்டிலைப் பகலில் ஒருவரும் இரவில் ஒருவருமாகப் பங்கிட்டவர்கள் அவர்களுள் இருந்தார்கள். அவர்களை இங்கு வரவழைத்தது அவர்களுடைய பேராசை மட்டுமல்ல. 2019இல் மாகாண அரசு உள்ளூர் மாணவர் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, பின்னர் அதை உயரவிடாது வைத்திருந்தது. பொதுப் பணத்தால் ஈடுசெய்யப்படாத குறையைக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தால் நிரப்பின. கட்டணத்துக்கு ஆள் எண்ணியவர்கள் கட்டில்களை எண்ணவில்லை. 2024 ஜனவரியில் மத்திய அரசு படிப்பு அனுமதிகளை 35 சதவீதத்தால் வெட்டியது. 2025இல் சென்ரெனியல் 49 பாடநெறிகளுக்கான அனுமதியை நிறுத்தியது. அழைத்தவர்களும் நிறுத்தியவர்களும் அவர்களோடு பேசவில்லை.

ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கென 30 இலட்சம் டொலர் திரட்டும் முயற்சி 2021இல் நிறைவேறியது. ஆயிரக்கணக்கான எம்மவர் கொடுத்தார்கள். அதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பல்கலைக்கழகத்துடன் பேசுமளவுக்குப் பலம் பெற்ற ஒரு சமூகம், மொழிக்கு மட்டும் பேசிவிட்டு, அந்த வாசலுக்கு வரும் மாணவரின் கட்டிலைப் பற்றி மௌனமாயிருப்பது சரியா? எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள், அவர்களுக்கு எத்தனை அறைகள் கட்டுகிறீர்கள் என்ற இரண்டு எண்களையும் ஒன்றாக வெளியிடும்படி இரு நிறுவனங்களையும் நாம் கேட்கலாம். எம்மவர் தங்கள் அறைகளுக்கு அனுமதிப்பத்திரம் எடுத்து, புகை எச்சரிக்கைக் கருவியும் வெளியேற இரண்டாவது வழியும் வைக்கலாம். இவை புரட்சியல்ல. ஆனால் கையெழுத்து மனுவிலும் பார்க்க நேர்மையானவை.

அந்த மனுவில் நான் கையெழுத்திடவில்லை. இதற்கு மறுப்பு உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுத வேண்டும். குறிப்பாக, வீடு வைத்திருப்பவர்கள்.