அவையறிந்த நியாயங்கள்

வள்ளுவர் பொருட்பாலில் அவையறிதலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்துள்ளார். கேட்போரின் தன்மை அறிந்து பேசவேண்டும் என்பது அதன் கருத்து. அறிவுடைமை அதிகாரத்திலோ, சொல்பவர் யாராயினும் சொல்லின் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்கிறார். முன்னது பேசுவோர்க்கு, பின்னது கேட்போர்க்கு. மேலைநாட்டில் 1958ஆம் ஆண்டு வெளிவந்த இரு நூல்களும் இச்சிக்கலையே ஆராய்ந்தன. வாதத்தை அளக்கும் அளவுகோல் துறைக்குத் துறை மாறும் என்றார் ஸ்டீபன் டூல்மின். எந்த வாதமும் ஓர் அவையை நோக்கியே உருப்பெறுகிறது என்றார், ஒல்பிரெக்ட்ஸ் டைடெக்காவுடன் இணைந்து எழுதிய சைம் பெரல்மான்.

இவ்வுண்மையைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களைப் பற்றி எழுந்த வாதங்களை, ஓர் இலக்கியப் படைப்பைத் திறனாய்வதுபோல் திறனாய்ந்தாலே போதும்.

தீக்குச்சி அடுக்கச் சிறுவரின் பிஞ்சு விரல்களே ஏற்றவை என்ற வாதம் ஒரு காலத்தில் கூச்சமின்றிச் சொல்லப்பட்டது. மழை பொய்த்த கரிசல் பூமியில், பசித்திருந்த பெற்றோரும் அதை மறுக்கவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதைத் தடுத்தது. ஆயின், குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு அது விலக்களித்தது. உடனே "இது வீட்டு வேலைதானே" என்னும் புதிய நியாயம் பிறந்தது. 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம், பணிக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்துமாறு முதலாளிகளுக்கு ஆணையிட்டது. இன்று பிஞ்சு விரல் வாதத்தைப் பொதுமேடையில் சொல்வார் அரிது. குழந்தைகளின் விரல்கள் மாறிவிடவில்லை. கேட்கும் அவைதான் மாறிற்று.

2018 அக்டோபர் 23ஆம் நாள் தீர்ப்பும் எண்ணத்தக்கது. தில்லிக் குழந்தைகளின் பெயரால் வழக்குத் தொடுத்தோர் உயிர்வாழும் உரிமையை முன்வைத்தனர். உற்பத்தியாளர் தொழில் உரிமையையும் தொழிலாளரின் பிழைப்பையும் காட்டினர். வேறு சிலர் தீபாவளியைச் சுட்டிச் சமய உரிமை பேசினர். பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. அரசியலமைப்பின் மொழி அறிந்தவர்க்கே அந்த அவையில் வாய் திறக்க இயலும். அனைவரது வாதத்திலும் தொழிலாளி இடம்பெற்றார், ஆனால் படர்க்கையில்தான். நீதிமன்றத்தில் தொழிலாளியின் வாழ்வைப் பேசும் நாவு, கூலி உயர்வு கேட்பவரிடம் சந்தையின் நலிவைப் பேசுமாயின், எதை நம்புவது?

2021 பிப்ரவரி 12இல் அச்சன்குளம் ஆலை வெடிப்பில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின் கேட்கும் குரல்களை நாம் அறிவோம். முதலாளி மருந்தின் உராய்வையும் தொழிலாளியின் கவனக்குறைவையும் சொல்வார். அதிகாரி விதிமீறல் என்பார்: அறைக்குள் அளவுக்கு மீறிய ஆட்கள், உரிமத்துக்கு மாறான உள்குத்தகை. பெற்றவளோ, விதி என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாள். அதிகாரியின் விதி வேறு. அவளுடைய விதி வேறு. ஏட்டிலிருந்த விதி ஆலைக்குள் காக்கப்படாததால்தான் அவளுக்கு இந்த விதி வாய்த்தது.

அப்படியாயின், அவரவர்க்கு அவரவர் நியாயம் என்று அமைந்துவிடலாமா? இயலாது. அவைக்கேற்பப் பேசுவது வேறு. அந்த அவையில் இல்லாதவரை மறந்து பேசுவது வேறு. புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், எதிர்வாதங்களை முதலில் எடுத்துரைத்த பின்னரே தம் விடையைத் தருகிறார். நமக்கும் அம்முறை தகும். நம் முடிவால் இழப்பவர் எதிரில் அமர்ந்து கேட்கும்போதும் நம் நியாயம் நிற்குமா என்பதே உரைகல்.

பங்குத் திருவிழாவில் "வாணவேடிக்கை இல்லாத திருவிழாவா?" என்கிறோம். அதை வாங்காவிடில் ஏழையின் அடுப்பு அணையும் என்றும் சொல்லிக்கொள்கிறோம். அந்த ஏழையின் கூலியையும் காப்பையும் பற்றி நாம் ஒருநாளேனும் கேட்டதுண்டா? கேளாதவரை, அவர் பசியை நம் வாதத்துக்குச் சான்றாக அழைக்க நமக்கு உரிமை இல்லை.