வாசலோடு நின்றுவிடும் சோதனை

புதிதாகச் சேர வரும் மருத்துவர் நீட்டும் சான்றிதழ் நகல்களை அப்படியே நம்பாமல், பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்திடமும் பதிவுசெய்த கவுன்சிலிடமும் முன்பு வேலை பார்த்த இடங்களிலும் மருத்துவமனையே நேரடியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்வது கிரெடென்ஷியலிங். அதன் பிறகு, இந்த மருத்துவமனையில் அவர் எந்தெந்தச் சிகிச்சைகளைத் தாமாகச் செய்யலாம், எவற்றை மூத்தவரின் மேற்பார்வையில் செய்யலாம், எவற்றைத் தொடவே கூடாது என்று பட்டியலிட்டு அனுமதி கொடுப்பது பிரிவிலெஜிங். முதலாவது அவர் யார் என்று கேட்கிறது. இரண்டாவது அவரால் இங்கே என்ன முடியும் என்று கேட்கிறது. நோயாளியின் பாதுகாப்புக்காக மருத்துவமனைகள் செய்துகொண்ட ஏற்பாடுகளில் இதைவிடப் புத்திசாலித்தனமானவை குறைவு. ஆனால் நடைமுறையில் முதல் கேள்விக்கே எல்லாச் சிரத்தையும் செலவாகிவிடுகிறது. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் ஒரு கையெழுத்தோடு முடிந்துபோகிறது. தப்பித்தவறி அதற்கு உண்மையான பதில் கிடைத்தாலும், அது மருத்துவமனையின் மதில் சுவரைத் தாண்டுவதில்லை. இந்த நடைமுறையின் ஆதாரமான பலவீனம் அந்த மௌனம்தான்.

இந்தச் சோதனையே இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள பண்டபெர்க் சாட்சி. அமெரிக்காவில் பணியாற்றிய ஜெயந்த் படேல் என்ற அறுவை மருத்துவரை 2000இல் ஓரிகன் மாநில மருத்துவ வாரியம் கட்டுப்படுத்தியது: கல்லீரல், கணைய அறுவைகளைச் செய்யக் கூடாது, சிக்கலானவற்றுக்கு இன்னொருவர் கருத்தைக் கேட்க வேண்டும். 2001இல் அவர் நியூயார்க் உரிமத்தையும் ஒப்படைத்தார். 2003இல் பண்டபெர்க் அரசு மருத்துவமனையில் சேர்ந்து, விரைவிலேயே அறுவைத் துறைத் தலைவரானார். ஓரிகனிலிருந்து வந்த சான்றில், அவர்மீது ஓர் ஆணை இருப்பதாகவும் அதை இணைப்பில் பார்க்கும்படியும் ஒரு வரி இருந்தது. இணைப்பு இல்லை. பதிவு வாரியத்தில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. மருத்துவமனை அளவில் அவருடைய தகுதியையும் அறுவை எல்லையையும் ஆராய வேண்டிய குழு அவர் விஷயத்தில் கூடவே இல்லை என்பதை 2005இல் டேவிஸ் விசாரணை ஆணையம் வெளிக்கொணர்ந்தது. நோயாளிகளின் மரணத்துக்காக அவர்மீது வந்த குற்றத் தீர்ப்பை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2012இல் ரத்து செய்துவிட்டது. ஆனால் பதிவு பெறுவதற்காகப் பொய் சொன்னதை 2013இல் அவரே ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் அவர்மீது இருந்த தடையைக் கடைசியில் ஒரு பத்திரிகையாளர்தான் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தார்; அந்தக் குழு கூடியிருந்தால் அதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம். தாள்களைச் சரிபார்ப்பது வீண் சடங்கு என்பவர்களுக்கு இந்த ஒரு வழக்கே போதுமான பதில்.

ஆனால் தாள்கள் சுத்தமாக இருந்தால்? கிறிஸ்டோஃபர் டன்ட்ஷ் எம்.டி., பிஎச்.டி. இரண்டும் பெற்ற நரம்பியல் அறுவை மருத்துவர். 2011இல் டல்லாஸ் வட்டாரத்துக்கு வந்தபோது அவருடைய கோப்பில் தடுத்து நிறுத்தும்படியாக எதுவும் இல்லை. முதல் மருத்துவமனையில் நோயாளிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிறகு அவர் விலகிக்கொள்ள அனுமதிக்கப்பட்டார். அவர்மீது எந்தத் தடையும் இல்லை என்ற கடிதமும் அவர் கைக்கு வந்தது. அடுத்த மருத்துவமனை தற்காலிக அனுமதி கொடுத்தது. ஒரே வாரத்தில் அங்கே ஒருவர் இறந்தார், இன்னொருவர் நிரந்தரமாக ஊனமுற்றார். 2013இல்தான் உரிமம் நிறுத்தப்பட்டது. 2017இல் ஆயுள் தண்டனை. பட்டமும் பயிற்சியும் கைத்திறனுக்கு உத்தரவாதம் இல்லை என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. மிச்சிகனில் உடல்பருமன் அறுவை செய்யும் 20 மருத்துவர்கள் தங்கள் அறுவை வீடியோக்களைக் கொடுத்தார்கள். செய்தவர் யார் என்று தெரியாமல் சக மருத்துவர்கள் மதிப்பெண் போட்டார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, கடைசிக் கால்பகுதியில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல் ஏற்பட்டது. முதல் கால்பகுதியில் 5.2 சதவீதம். இருபது பேரும் அனுமதி பெற்றவர்கள்தான். அவர்களுக்கிடையே இருந்த இந்த வித்தியாசம் எந்தச் சான்றிதழிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வித்தியாசம் தெரிந்த பிறகும் அதை மறைக்கும் பழக்கம் இந்த நடைமுறையோடு கூடவே பிறந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 1918இல் நூறு படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகளைச் சோதித்தது. குறைந்தபட்சத் தரத்தை எட்டியவை 89 மட்டுமே. தேறாத மருத்துவமனைகளின் பட்டியல் பத்திரிகைகளுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று, 1919இல் கூட்டம் நடந்த நியூயார்க் ஓட்டலின் உலையிலேயே அதைப் போட்டு எரித்தார்கள். 1990இல் செயல்படத் தொடங்கிய தேசிய மருத்துவர் தரவு வங்கி அந்தப் பழக்கத்தைப் பாதிதான் மாற்றியது. ஒரு மருத்துவரின் அனுமதியை 30 நாளுக்கு மேல் நிறுத்தினாலோ, விசாரணையின்போது அவர் விலகினாலோ மருத்துவமனை அதற்குத் தெரிவித்தாக வேண்டும். தடையை 30 நாளுக்குள் முடித்துக்கொள்ளலாம், விசாரணை என்ற பெயரே வைக்காமல் பேசித் தீர்க்கலாம் என்ற சந்து அதிலேயே இருக்கிறது. வழக்குக்கு அஞ்சும் நிர்வாகம் அந்தச் சந்தில் நுழைந்துகொள்கிறது.

இரகசியத்துக்கு ஆதரவாக ஒரு நியாயமான வாதம் உண்டு: சக மருத்துவர்களின் குழு போட்டியாளர்களின் கையில் ஆயுதமாகலாம். ஓரிகன் மாநிலத்தின் அஸ்டோரியாவில் அதுதான் நடந்தது. ஊரில் ஒரே மருத்துவமனை. அதன் குழுவில் ஆதிக்கம் செலுத்திய கிளினிக்கில் சேராமல் தனியாகத் தொழில் செய்த ஓர் அறுவை மருத்துவரின் அனுமதியைப் பறிக்க முயன்றார்கள். 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமான நஷ்டஈட்டுத் தீர்ப்பை மீண்டும் நிலைநாட்டியது. இந்தப் பயம் உண்மையானது. ஆனால் அதற்கு மருந்து மூடிய கதவு அல்ல. பொறாமையால் எடுத்த முடிவும் பயத்தால் எடுக்காத முடிவும் ஒரே மூடிய அறையில்தான் சௌகரியமாக ஒளிந்துகொள்கின்றன. மருத்துவமனையைச் சேராத வெளி நிபுணர் ஒருவர் குழுவில் இருப்பதும், முடிவுக்கான காரணம் எழுத்தில் பதிவாவதும் இரண்டையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும்.

இன்னொரு மறுப்பு, ஆள் தட்டுப்பாடு. சின்ன ஊர் மருத்துவமனை இவ்வளவு பார்த்தால் யார் வருவார்கள்? பண்டபெர்க்கும் மருத்துவர் பஞ்சத்தில் தவித்த ஊர்தான். ஆனால் பிரிவிலெஜிங் மருத்துவரை விரட்டும் கருவி அல்ல. சிகிச்சைக்கு எல்லை வகுக்கும் கருவி. ஓரிகன் வாரியம் படேலைத் துரத்தவில்லை, கணையத்தைத் தொடாதே என்றது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வசதி போதாத மருத்துவமனையில் உணவுக்குழாய் அறுவையை அனுமதிக்காமல் ஹெர்னியாவை அனுமதிப்பது, ஆள் பற்றாக்குறை உள்ள ஊருக்குத்தான் அதிகம் தேவைப்படும் விவேகம். பண்டபெர்க்கில் படேலைப் பற்றி முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்புச் செவிலியர் டோனி ஹாஃப்மன். அறுவைக்குப் பிந்தைய இரவுகளைப் பார்ப்பவர்கள் செவிலியர்களும் மயக்க மருத்துவர்களும். அனுமதியைப் புதுப்பிக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லையென்றால், குழு பார்ப்பது முகவுரையை மட்டும்தான். அறுவையில் நேரும் பாதிப்புகளின் எண்ணிக்கையை வைத்து அளந்தால் மருத்துவர்கள் சிக்கலான நோயாளிகளைத் தவிர்ப்பார்கள் என்ற கவலைக்கும் இதுவே பதில்: எண்ணைத் தனியாகப் படிக்காமல், நோயின் தீவிரத்தோடும் கூட இருந்தவர்களின் சாட்சியத்தோடும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தியாவில் மருத்துவமனைத் தரச்சான்று அமைப்பான என்.ஏ.பி.எச். தன் தரவிதிகளில் கிரெடென்ஷியலிங், பிரிவிலெஜிங் இரண்டையும் கேட்கிறது. ஆனால் அந்தச் சான்று பெறுவது பொதுவாக மருத்துவமனையின் விருப்பம். அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற தரவு வங்கியும் இங்கே இல்லை. ஒரு மருத்துவமனையில் அனுமதி இழந்தவர் அடுத்த தெருவில் விசிட்டிங் கன்சல்டன்டாகச் சேர்ந்தால் அந்தச் செய்தி அவரோடு போவதில்லை. கவுன்சில் பதிவு அவர் மருத்துவர் என்று சொல்லும்; கடந்த ஆண்டு அவர் கையில் என்ன நடந்தது என்று சொல்லாது. ஆகவே இங்கே படிவங்களை இன்னும் கூட்டுவதால் பெரிய பயன் இல்லை. சேரும்போது கொடுத்த அனுமதியை அவர் செய்த அறுவைகளின் பதிவை வைத்துக் குறித்த காலத்தில் திருத்துவதும், பறிக்கப்பட்ட அனுமதி அடுத்த மருத்துவமனைக்குத் தெரிந்தாக வேண்டும் என்று சட்டமாக்குவதும்தான் முதலில் செய்ய வேண்டியவை. இவை இல்லாத வரை, தகுதிச் சோதனை என்பது மருத்துவமனைக்கு வழக்கிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பாக இருக்கும். நோயாளிக்கான பாதுகாப்பாக ஆகாது.