சீமெந்து விலை ஏறினால் யார் கணக்கு?

இலங்கையில் 2021இன் நடுப்பகுதியில் 50 கிலோ சீமெந்து மூடை ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்றது. 2022இன் நடுப்பகுதியில் அதே மூடை மூவாயிரத்தை எட்டியது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறிய காலம் அது. பழைய விலையை நம்பிக் கேள்விப்பத்திரம் போட்டு, ஒப்பந்தம் எழுதி, அத்திவாரமும் வெட்டிவிட்ட ஒப்பந்தகாரர் என்ன செய்வார்? ஏறிய விலையை அவர் சுமப்பதா, அரசு சுமப்பதா?

பாக்கு நீரிணையின் இரு கரையிலும் அரசுக் கட்டடங்கள் டெண்டர் வழியாகத்தான் எழும்புகின்றன. அங்கே இலங்கையில் கேள்விப்பத்திரம், விலைமனு; இங்கே தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி. அங்கே பெறுகைக் குழு, இங்கே ஒப்பந்தப்புள்ளி ஆய்வுக் குழு. பெயர்கள் மாறினாலும் நடைமுறையின் எலும்புக்கூடு ஒன்றுதான். விலையேற்றத்தை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

இலங்கையின் பதில் ஒரு சூத்திரம். கட்டுமானத் துறையை நெறிப்படுத்த அமைந்த இக்டாட் நிறுவனம் 2014இன் 33ஆம் இலக்கச் சட்டத்தால் சீடா என்ற அதிகார சபையாக மாறியது. ஆனாலும் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் 'இக்டாட் ஃபோர்முலா' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு வேலையின் செலவில் சீமெந்து எத்தனை விழுக்காடு, கம்பி எத்தனை, எரிபொருள் எத்தனை, கூலி எத்தனை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மாதந்தோறும் விலைச்சுட்டெண் வெளியாகிறது. கேள்விப்பத்திரம் போட்ட காலத்துச் சுட்டெண்ணுக்கும் வேலை நடந்த மாதத்தின் சுட்டெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பில்லோடு சேரும். கடை ரசீதுகளைக் காட்டி வாதாட வேண்டியதில்லை. குறுகிய கால ஒப்பந்தங்களுக்கு இது கிடையாது. விலை தாறுமாறாக ஏறும்போது சுட்டெண் சந்தையை எட்டிப்பிடிக்கத் திணறவும் செய்யும். இருந்தாலும், விலை மாறும் என்பதை ஒப்பந்தம் முதல் நாளே ஒப்புக்கொள்கிறது.

இந்தியாவிலும் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களின் 10சிசி பிரிவு அதுதான். ஆனால் அது நீண்ட கால வேலைகளுக்கு மட்டும் உரியது. ஊராட்சிச் சாலை, பள்ளி வகுப்பறை, மழைநீர் வடிகால் போன்ற சிறு வேலைகளை எடுப்பவர், பெரும்பாலும் போட்ட விலைக்கே முடித்துக் கொடுக்க வேண்டும். இழப்பை அவர் எங்கே ஈடுகட்டுவார்? கலவையிலும் கனத்திலும் கைவைக்கும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. ஒப்பந்ததாரரை மட்டும் குற்றம் சொல்லி இதைக் கடந்துபோவது நியாயமில்லை.

விலை போடும் விதமும் இதற்கு ஒரு காரணம். இந்தியாவில் பரவலாக உள்ள விழுக்காட்டு முறையில், பொறியாளர் விலைவிகிதப் பட்டியலைக் கொண்டு எஸ்டிமேட் போட்டுத் தருகிறார். அதற்கு எத்தனை விழுக்காடு மேலே, எத்தனை விழுக்காடு கீழே என்று ஒரே ஓர் எண்ணை எழுதினால் ஒப்பந்தப்புள்ளி தயார். போட்டியில் அந்த எண் கீழே, இன்னும் கீழே என்று இறங்கும். மிகவும் தாழ்த்திக் கேட்பவரிடம் கூடுதல் காப்புத்தொகை வாங்குவதே அதைத் தடுக்க வேண்டியிருப்பதால்தான். இலங்கையில் வழக்கம் வேறு. விலை நிரல் காலியாக உள்ள பிஓகியூ என்ற வேலை அளவுப் பட்டியல் கைக்கு வரும். மண் வெட்டுவதிலிருந்து வர்ணம் பூசுவது வரை ஒவ்வொரு வரிக்கும் கேட்பவரே விலை எழுத வேண்டும். இதனால்தான் அங்கே கியூ.எஸ். என்ற அளவு மதிப்பீட்டு வேலை ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. மொரட்டுவைப் பல்கலைக்கழகம் அதற்கென்றே பட்டப்படிப்பு நடத்துகிறது. அந்தப் பட்டதாரிகள் வளைகுடா நாடுகளின் கட்டுமான நிறுவனங்களிலும் வேலை பார்க்கிறார்கள். இந்திய அரசுத் துறைகளில் அந்த வேலையையும் உதவிப் பொறியாளரே எம்-புக் என்ற அளவீட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். ஆனால் வரிவரியாக விலை எழுதுவதிலும் ஓட்டை உண்டு. முதலில் முடியும் அத்திவார வேலைக்கு விலையை ஏற்றி, கடைசி வேலைகளுக்குக் குறைத்து எழுதினால் பணம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கும் மதிப்பீட்டுக் குழுவின் கண்ணில் இது படாது.

போருக்குப் பின் இந்திய அரசின் உதவியில் இலங்கையில் கட்டிய 50,000 வீடுகள் இந்த விஷயத்தில் ஒரு பாடம். முன்னோடியாக 1,000 வீடுகளை ஒப்பந்த முறையில் கட்டினார்கள். 2012இல் வடக்கு, கிழக்கில் தொடங்கிய பெரும்பகுதிக்கு டெண்டரே இல்லை. வீட்டுக்காரருக்கே 5,50,000 இலங்கை ரூபாயைத் தவணை தவணையாகக் கொடுத்தார்கள். அவரே மேசனைப் பிடித்துக் கட்டினார். தரகு இல்லை, இடைலாபம் இல்லை. ஆனால் மணலும் கூலியும் ஏறியபோது அந்தச் சுமையும் அவர் தலையிலேயே விழுந்தது. கடன்பட்டு வீட்டை முடித்த குடும்பங்கள் பல.

ஒன்றில் தமிழ்நாடு தெளிவாக முன்னால் நிற்கிறது: சட்டம். 1998இல் வந்த ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் இரண்டு கோடி ரூபாய் வரையான வேலைக்கு 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் அவகாசம் தரச் சொல்கின்றன. முடிவால் பாதிக்கப்பட்டவர் பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். டெண்டரில் முறைகேடே நடப்பதில்லை என்று இதற்குப் பொருளில்லை. நடந்தால் எந்தப் பிரிவைக் காட்டி நீதிமன்றப் படியேறுவது என்பது தெரியும். இலங்கையில் 1987இன் பொது ஒப்பந்தங்கள் சட்டம், 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கேள்விப்பத்திரங்களில் பதிவைக் கட்டாயமாக்குவதோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மற்றவை பெரும்பாலும் வழிகாட்டல்களாகவே ஓடிவந்தன. பெறுகையைக் கண்காணிக்கும் தேசிய பெறுகை ஆணைக்குழு 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தத்தால் வந்தது, 2020இல் 20ஆவது திருத்தத்தால் போனது, 2022இல் 21ஆவது திருத்தத்தால் திரும்பி வந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் காவலாளியும் மாறினால் சிறிய ஒப்பந்தகாரர் யாரை நம்பி விலைமனுப் போடுவார்?

இலங்கைக்கு இன்று தேவை, எந்த அரசு வந்தாலும் தொட முடியாத முழுமையான பெறுகைச் சட்டம். தமிழ்நாடு தன் சிறு ஒப்பந்தங்களிலும் சீமெந்துக்கும் கம்பிக்குமாவது விலைமாற்றப் பிரிவைச் சேர்க்க வேண்டும். அதற்கான கணக்கு முறை கடலுக்கு அப்பால் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது.