தெருநாயும் கட்டாக்காலியும்

தமிழ்நாட்டில் தெருநாய். யாழ்ப்பாணத்தில் கட்டாக்காலி. ஒரு சொல் நாய் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. மற்றது, அதைக் கட்டிவைக்க ஆளில்லை என்கிறது. காப்பகத்துக் குட்டியைச் சில வாரம் வீட்டில் வைத்துத் தேற்றி அனுப்பும் வழக்கமும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிகிறது.

சென்னையில் இதற்குப் பெயர் ‘ஃபாஸ்டர்’. 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற பெரிய காப்பகங்கள் அங்கே உண்டு. ஆனால் நெரிசலில் பார்வோ என்ற வைரஸ் நோய் பரவினால் தடுப்பூசி போடாத குட்டிகள் தப்புவது கடினம். அதனால்தான் வீடு தேடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் போகும், யாராவது ஒரு அறையை ஒதுக்குவார்கள், தத்தெடுப்பவர் கருத்தடை செய்வதாக எழுதிக் கொடுப்பார். வளர்ந்த தெருநாய் என்றால் கதை வேறு: கருத்தடைக்குப் பின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன இந்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகள். குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இலேயே ஒரு சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. வாடகை வீட்டுக்காரரிடம் அந்தச் சுற்றறிக்கையை நீட்டிப் பாருங்கள், தெரியும்.

இலங்கையில் 2006இல் கட்டாக்காலிகளைக் கொல்வதை அரசு கைவிட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் வந்தன. காப்பகங்கள் அந்த அளவுக்கு வரவில்லை. வடக்கில் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருக்கிறது. மற்றபடி, சந்தை வாசலிலும் விகாரை மதிலோரத்திலும் பெட்டியோடு விடப்படும் குட்டிகளுக்கு யாரோ ஒருவரின் வளவுதான், அதாவது வீட்டைச் சுற்றிய நிலம்தான், காப்பகம். “ரெண்டு கிழமைக்கு வைச்சிருங்கோ” என்பதுதான் ஒப்பந்தம், கையெழுத்தெல்லாம் இல்லை. கடுவனுக்கு ஆள் வரும். பெட்டை நின்றுவிடும், அடுத்த வருடம் அதுவே குட்டி போடும். தற்காலிகம் எங்கே முடிந்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. எனக்கு இந்த மங்கல் பிடிக்கும், ஆனால் கருத்தடைக்கு நாள் குறிக்காமல் அதைப் பாராட்ட முடியாது.

 

வளவு விசாலமானதுதான், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அடுக்ககத் தரையோட்டைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவலாம். மணலைக் கழுவ முடியாது. பார்வோ அதில் மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே சென்னையில் குட்டியைக் கொடுக்குமுன், “ஹவுஸ் ஓனர் சம்மதிச்சாரா?” என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கேட்க வேண்டியது, “இந்த வளவிலை முந்தி குட்டி ஏதும் செத்ததோ?”