பீங்கானில் எழுதிய பிறர் பெருமை

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் செல்வந்தர்கள் தங்கள் குலச்சின்னத்தைச் சீனப் பீங்கானில் வரையச் செய்து வாங்குவதைப் பெருமையாகக் கருதினார்கள். பிரிட்டிஷ் குடும்பங்களுக்கென்று செய்த பாத்திரத் தொகுதிகளில் மட்டும் 4,000க்கும் மேற்பட்டவற்றை ஆய்வாளர் டேவிட் ஹோவர்ட் தொகுத்திருக்கிறார். இந்த வழக்கத்தை எடைபோடும்போது, வாங்கியவரின் சின்னத்தோடு வரைந்தவரின் கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அதன் சிறப்பு. சீனாவின் ஜிங்டெசென் ஊர்ச் சூளைகளில் சுட்ட வெள்ளைத் தட்டுகள் ஆற்று வழியிலும் மலைப்பாதையிலும் குவாங்சோ துறைமுகத்துக்கு வந்தன. அங்கே ஓவியர்கள் வண்ணம் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு தாள்தான் மாதிரி. ஐரோப்பியக் குலச்சின்னமும் லத்தீன் வாசகமும் அவர்கள் வாழ்வில் இல்லாதவை. ஆனாலும் இழை பிசகாமல் நூற்றுக்கணக்கான தட்டுகளில் அதை வரைந்தார்கள். பொருள் தெரியாத ஒன்றை இவ்வளவு துல்லியமாகச் செய்வது பெரும் திறமை.

குறைகளும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியருக்காகச் செய்த சில பாத்திரங்களில் அரசச் சின்னம் தலைகீழாக இருக்கிறது. பின்னாளில், எந்த இடத்தில் எந்த நிறம் என்று மாதிரியில் எழுதிய குறிப்பையே ஓவியர் அப்படியே தட்டில் எழுதிவிட்டதும் உண்டு. இவற்றைக் காட்டிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வரைபவருக்குத் தெரியாத மொழியில் குறிப்பெழுதி அனுப்பியவரே அந்தப் பிழைக்குப் பொறுப்பு. சந்தேகம் கேட்டுப் பதில் பெற வழியில்லை. கடிதம் போய் வரவே ஓராண்டுக்கு மேல் ஆகும்.

இதைவிடப் பெரிய குறை, தொழிலின் லகான் வாங்குபவர் கையிலேயே இருந்ததுதான். பிரிட்டனில் உள்நாட்டுப் பீங்கான் தொழில் வளர்ந்ததும், பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1791இல் சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்தியது. நம் சோழமண்டலக் கரையின் சாயத் துணிக்கு இந்த அடி முன்பே விழுந்தது. அதற்கும் ஐரோப்பாவிலிருந்து மாதிரிகள் வந்தன. 1721இல் பிரிட்டன் பெரும்பாலான வண்ணப் பருத்தித் துணிகளை உடுத்துவதற்கே தடை போட்டது.

விசைத்தறி ஊரான எங்கள் சங்கரன்கோவில் மக்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றாது. இங்கே விசைத்தறி ஓட்டுபவர்களில் பலர் மாஸ்டர் வீவர் எனப்படும் நெசவு முதலாளி தரும் பாவு நூலையும் டிசைனையும் வைத்து, கூலிக்கு நெய்கிறார்கள். ஆர்டர் இருக்கும்வரை வேலை நிச்சயம் என்பது இந்த ஏற்பாட்டின் பலம். ஆனால் ஆர்டர் குறைந்தால் தறி நின்றுவிடும். சேலையில் நெய்தவர் பெயரும் இருக்காது.

ஆணைக்குச் செய்யும் தொழிலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது ஊர்களுக்குச் சோறு போட்டிருக்கிறது, கைத்திறனைக் கூர்மையாக்கியிருக்கிறது. ஆனால் டிசைனில் ஒரு பங்கு, விலையில் ஒரு குரல், பொருளில் தன் பெயர் ஆகிய மூன்றும் செய்பவருக்குக் கிடைக்காதவரை அந்த வழக்கம் நிறைவானதல்ல. குலச்சின்னப் பீங்கானைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்கள் குடும்பத்தின் பெயரோடு சூளையின் ஊரையும் ஓவியரின் வேலைமுறையையும் எழுதி வைக்கட்டும். நம் ஜவுளிக் கடைகளும் நெய்த ஊரின் பெயரைச் சேலையில் பொறிக்கட்டும்.